'டீச்சர் தொண்டை' என்று நான் தள்ளிப்போட்ட ஐந்து மாதங்கள்

பதினோரு வருடமாக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஒரு நாளைக்கு ஆறு பீரியட், சில நாள் ஏழு. வீட்டில் ஏழு வயது மகனும் மூன்று வயது மகளும். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாடுவோம். வாரத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்ட நேரம் அது ஒன்றுதான். போன வருடம் என் குரல் போனது. ஐந்து மாதம் கரகரத்து, ஒரு நாள் வகுப்பின் நடுவில் சுத்தமாக நின்று, ஆறு வாரம் பள்ளிக்கே போக முடியாமல், அப்புறம் பேசுவதையே புதிதாகப் பழகிக்கொண்டேன். ஆரம்பத்திலேயே யாராவது ஒருவர், "இதை இப்படியே விடாதே, போய்ப் பார்" என்று அழுத்திச் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு சாதாரண ஜலதோஷம். மகளுக்கு வந்து, மகனுக்கு வந்து, கடைசியில் என்னிடம் வந்தது. மூக்கடைப்பும் இருமலும் ஒரு வாரத்தில் போய்விட்டன. குரல் மட்டும் திரும்பவில்லை. காலையில் ஓரளவு நன்றாக இருக்கும். மூன்றாவது பீரியட் முடியும்போது ஒரு உரசல் சேரும். மாலையில் வீட்டுக்கு வரும்போது எண்ணெய் போடாத கதவு மாதிரி ஆகிவிடும். தூங்கி எழுந்தால் மறுபடி பாதி திரும்பும். இந்தக் காலை மாலை வித்தியாசம்தான் என்னை ஏமாற்றியது. ஒவ்வொரு காலையும் "பரவாயில்லை, சரியாகிக்கொண்டு வருகிறது" என்று நினைப்பேன். முந்தைய நாள் மாலையோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். ஒரு திங்கட்கிழமைக் காலையை அதற்கு முந்தைய திங்கட்கிழமைக் காலையோடு ஒப்பிட்டிருந்தால், குரல் இறங்கிக்கொண்டே போவது தெரிந்திருக்கும். இப்போது அதைச் செய்கிறேன்: திங்கள் காலை, ஒரே பத்தியை போனில் பதிவு செய்து வைக்கிறேன். ஒரு நிமிட வேலை. பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், நம் காது நம்மிடம் மறைப்பதைப் போன் சொல்லிவிடும்.

ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "இது டீச்சர் தொண்டை, டீச்சர். நம்ம வேலையோட கூடவே வர்றது. லீவு விட்டா தானா சரியாயிடும்." சொன்னவர்கள் யாரும் தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் இருபது வருடம் வேலை பார்த்த இருவரின் குரலும் கரகரப்பாகத்தான் இருந்தது. அதுவே அவர்களுடைய இயல்பான குரல் என்று நான் நினைத்திருந்தேன். ஆசிரியர்கள்தான் குரல் கோளாறால் அதிகம் பாதிக்கப்படும் தொழில்காரர்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலையால் வரும் என்பது சரி. வேலையால் வருகிறது என்பதற்காக அதைப் பார்க்காமல் விடலாம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

அந்த ஐந்து மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. செய்ததெல்லாம் தப்பாகச் செய்தேன். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை செருமுவேன். செருமினால் இரண்டு வாக்கியத்துக்குக் குரல் தெளிவாக வரும், அப்புறம் பழையபடி. கரகரப்பை மறைக்க இன்னும் அழுத்திப் பேசுவேன். வீட்டுக்கு வந்தால் குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கிசுகிசுப்பேன். பையில் எப்போதும் தொண்டை மிட்டாய் இருக்கும். ஒரு மருத்துவரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆண்டிபயாடிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து இன்னொருவர், வயிற்று அமிலம் மேலே வருகிறது என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். இரண்டு பேரும் என் குரல் நாண்களை, அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் அந்த இரண்டு பட்டைகளை, பார்க்கவில்லை. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் அவை தெரியவும் செய்யாது. நாக்கின் அடிப்பகுதிக்கும் கீழே, மூச்சுக்குழாயின் வாயில் இருக்கின்றன. ஒலி பாடத்தில் குரல்வளைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும் நானே, "உள்ளே பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கவில்லை.

எனக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான். இரண்டாவது மாதத்திலேயே மேல் ஸ்தாயி போய்விட்டது. அழுத்திப் பாடினால் வந்தது. மெதுவாகப் பாடினால் காற்று மட்டும் வந்தது. நான் பயிற்சி போதாது என்று நினைத்து, வீட்டில் இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகப் பாடினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. குரல் நாண்களில் வீக்கம் இருந்தால் உயர்ந்த சுரத்தை மெல்லிய ஒலியில் எழுப்புவதுதான் முதலில் போகும் என்று, பிற்பாடு பேசும் முறையை மாற்ற எனக்குப் பயிற்சி கொடுத்த பயிற்சியாளர் சொன்னார். பாடத் தெரியாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்: நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் முதல் வரியை, குழந்தையைத் தூங்க வைக்கிற அளவு மெதுவாக, உயரமான சுருதியில் பாடுங்கள். சத்தமாக வந்து, மெதுவாக வராமல் அடைத்துக்கொண்டால் சந்தேகப்படுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. ஆனால் மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று நாட்களைத் தள்ளிக்கொண்டிருப்பவரைக் கிளப்பிவிட இது போதும்.

ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை, ஐந்தாவது பீரியட். ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்து நான்கு பிள்ளைகள். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் வரவில்லை, அங்கே ஒரே இரைச்சல். அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் பாடம் நடத்தினேன். "வேகம்" என்று ஒரு சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன். 'வே' வந்தது, 'கம்' வரவில்லை. மறுபடி முயன்றேன். காற்று மட்டும் வந்தது. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. கரும்பலகையில் "அமைதியாகப் படியுங்கள்" என்று எழுதிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன், கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று. அந்த வகுப்பு அன்றைக்கு இருந்த அளவு அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

மறுநாள் என் கணவர் லீவு போட்டுவிட்டு என்னைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனார். பேச வேண்டியதையெல்லாம் அவரே பேசினார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் பயந்தேன். மரத்துப்போக மருந்து அடித்தார்கள்; மூக்கில் ஒரு அழுத்தம், தொண்டையில் ஒரு கூச்சம், அவ்வளவுதான். சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'ஈ' என்று இழுத்துச் சொல்லச் சொன்னார்கள். விட்டு விட்டு மின்னும் விளக்கு வைத்துப் பார்த்ததில், குரல் நாண்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அதிர்வது மெதுவாக அலை அடிப்பது போலத் திரையில் தெரிந்தது. முத்து நிறத்தில் இரண்டு பட்டைகள். இரண்டின் நடுவிலும் எதிரெதிராக, ஊசித் தலை அளவுக்கு ஒரு மேடு. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. பட்டைகள் மூடும்போது அந்த இரண்டு மேடுகளும் முதலில் முட்டிக்கொண்டன. அவற்றுக்கு முன்னாலும் பின்னாலும் இடைவெளி விழுந்தது. மணல் கடிகாரத்தின் வடிவம். அந்த இடைவெளி வழியாகத்தான் என் காற்றெல்லாம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

குரல் நாண் முடிச்சு என்றார்கள். பயப்பட வேண்டியதில்லை, புற்றுநோய் கிடையாது, கை உழைப்பவர்களுக்கு உள்ளங்கை காய்த்துப்போவது போலத்தான், இடித்து இடித்துக் காய்த்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். ஐந்து மாதமாக மனசுக்குள் எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ அது இல்லை என்றதும் அங்கேயே அழுதேன். அறுவை சிகிச்சை முதல் வழி இல்லை, பேசும் முறையை மாற்றுவதுதான் முதல் வழி என்றார். மாற்றாமல் முடிச்சை மட்டும் எடுத்தால் திரும்பவும் வரும். வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெண்களின் குரல் சராசரியாக விநாடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கிறது, ஆண்களுடையது அதில் ஏறக்குறையப் பாதி. ஒரு விநாடிக்கு 200 தடவை அந்த இரண்டு பட்டைகளும் மோதுகின்றன என்றால், நிமிடத்துக்கு 12,000. இடையில் விடும் மூச்சு, மௌனம் எல்லாம் போக, ஒரு நாளில் உண்மையாக ஒலி எழுப்புவது இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 14 லட்சத்து 40 ஆயிரம் மோதல்கள். கத்தும்போது ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக இருக்கும். இந்த எண்ணைப் பார்த்த பிறகு, தொண்டை மிட்டாய் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பது புரிந்தது.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம் 2018-இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், குரல் கரகரப்பு நான்கு வாரத்தில் சரியாகவில்லை என்றால் குரல்வளையை உள்ளே பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. கரகரப்புக்கு வழக்கமாக ஆண்டிபயாடிக் கொடுக்கக் கூடாது, குரல்வளையைப் பார்க்காமல் அமில மாத்திரையோ ஸ்டீராய்டோ எழுதக் கூடாது என்றும் இருக்கிறது. நான் ஐந்து மாதம் செலவழித்த பாதை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது. நான்கு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு: துப்பினால் ரத்தம், மூச்சு வாங்குதல், விழுங்கக் கஷ்டம், கழுத்தில் கட்டி, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரும் கரகரப்பு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கரகரப்பு. இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே போங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என் குரல் நாணைப் பார்த்தீர்களா?" மரியாதையாகவே கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து மாத மருந்துக் கடை ரசீதுகளையும் டாக்டர் கட்டணங்களையும் ஒருநாள் உட்கார்ந்து கூட்டினேன். அந்தக் குழாய்ப் பரிசோதனைக்கு நான் கட்டியதைப் போல இரண்டரை மடங்கு வந்தது. செலவாகும் என்று எதைத் தள்ளிப்போட்டேனோ அதுதான் எல்லாவற்றிலும் மலிவாக இருந்தது. ஆறு வார விடுப்பில் மூன்று வாரத்துக்குத்தான் சம்பளத்தோடு லீவு இருந்தது. மீதிக்குச் சம்பளம் போனது. பயிற்சிக் கட்டணம் தனி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம். இதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒன்று செய்திருப்பேன்: முதல் நாளே மருத்துவரிடம் "குரல் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும்" என்று எழுதி வாங்கி, தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, முழு விடுப்புக்குப் பதிலாகத் தேர்வுத்தாள் திருத்தும் வேலையோ அலுவலக வேலையோ கேட்டிருப்பேன். நான் கேட்கவில்லை. கேட்டால் குறை சொல்வார்கள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். திரும்பி வந்த பிறகு தலைமை ஆசிரியர், "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே, டீச்சர்" என்றார்.

முதல் வாரம் வீக்கம் வடிய வேண்டும், அவசியத்துக்கு மேல் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசாத அம்மாவை வைத்துக்கொண்டு மூன்று வயதுக் குழந்தை என்ன செய்யும்? மகள் முதல் இரண்டு நாள் நான் அவள்மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாக இருந்தது. மகன் வேறு மாதிரி. எல்லாருக்கும் ஒரு கைச்சாடை கண்டுபிடித்தான். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடி, தங்கைக்குக் குடுமி. ராத்திரிக் கதையை அவனே எனக்கு வாசித்தான், எழுத்துக் கூட்டி, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது என்பது அந்த நாட்களில்தான் தெரிந்தது. அவன் ஒரு சொல்லில் தடுக்கினால் உடனே நான் சொல்லிக் கொடுத்துவிடுவேன். இப்போது சொல்ல முடியாததால் காத்திருந்தேன். பெரும்பாலும் அவனே கண்டுபிடித்தான். வகுப்பிலும் நான் இவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

பயிற்சிக்கு முதல் நாள் போனபோது முப்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். குரல் பிரச்சினை நம் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கும் தாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை, மொத்தம் 120. எனக்கு 67 வந்தது. "இரைச்சலான இடத்தில் மற்றவர்களுக்கு என் பேச்சு புரிவதில்லை" என்பதற்கு நான்கு போட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. "என் குரலால் நான் ஒதுக்கப்பட்டதாக உணர்கிறேன்" என்ற மாதிரி ஒரு கேள்விக்கும் கை தானாக நான்கு போட்டது. பாட்டுக் குழுவின் வருட நிகழ்ச்சி நான் இல்லாமல் நடந்திருந்த வாரம் அது.

பயிற்சி என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். கொடுத்தது ஒரு உறிஞ்சு குழலும் பாதி தண்ணீர் உள்ள ஒரு டம்ளரும். குழலின் நுனியைத் தண்ணீரில் இரண்டு விரற்கடை முக்கி, 'ஊ' என்று ஒலி எழுப்பிக்கொண்டே குமிழி விட வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. வாய்ப்பக்கம் வழி குறுகும்போது உள்ளே திரும்பும் காற்றழுத்தம் குரல் நாண்களை லேசாக விலக்கிப் பிடிக்கிறது; அதனால் அவை பலமாக மோதாமலே அதிர முடிகிறது என்று விளக்கினார்கள். முதல் வாரம் நம்பிக்கையே வரவில்லை. இதற்கா பணம் கட்டினோம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் ஒருநாள், குமிழி விட்டு முடித்ததும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உரசலே இல்லாமல் ஒலித்தது. அவள் விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்புறம் ஒருநாளும் தவறவிடவில்லை. இதை நீங்களாகவே செய்து குணமாகிவிடலாம் என்று நினைக்காதீர்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு, சொல்லிக்கொடுப்பவர் கேட்டுத் திருத்தினால்தான் இது பலன் தரும். நான் முதல் வாரம் முழுவதும் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஊதியிருக்கிறேன்.

செருமலை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு செருமலும் குரல் நாண்கள் இரண்டையும் பலமாக அறைந்துகொள்ள வைக்கிறது. உறுத்தல் வந்தால் செருமுகிறோம், செருமினால் வீங்குகிறது, வீங்கினால் உறுத்துகிறது. உறுத்தும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீரை அழுத்தி விழுங்கச் சொன்னார்கள். அதுவும் முடியாதபோது சத்தமில்லாமல் 'ஹ' என்று காற்றை விடலாம். கிசுகிசுப்பதும் ஓய்வு கிடையாது; பலர் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் இறுக்குகிறார்கள், நானும் அப்படித்தான். ஓய்வு என்றால் பேசாமல் இருப்பது, அல்லது மெதுவாக, சாதாரணக் குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது. தண்ணீர் விஷயத்திலும் எனக்கு ஒரு தப்பெண்ணம் இருந்தது. குடிக்கிற தண்ணீர் குரல் நாணைத் தொடுவதே இல்லை, தொட்டால் புரையேறிவிடும். அது உடம்பில் சேர்ந்து, மெதுவாகத்தான் அங்கே ஈரம் கொடுக்கிறது. ஆகவே தொண்டை காய்ந்த பிறகு மடமடவென்று குடிப்பதில் பெரிய பயன் இல்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். நேரே போய்ச் சேருவது நீராவிதான். வெந்நீர்ப் பாத்திரத்தைக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

நான் முழுப் பழியையும் பள்ளிக்கூடத்தின்மேல்தான் போட்டிருந்தேன். பயிற்சியாளர் ஒரு வாரம் மணிக்கு மணி எழுதி வரச் சொன்னார்: எங்கே, யாரிடம், எவ்வளவு சத்தமாகப் பேசினேன் என்று. அந்த நோட்டைப் பார்த்ததும் அதிர்ந்துபோனேன். பள்ளியில் பீரியடுக்கு நடுவில் பிள்ளைகள் எழுதும் நேரமாவது உண்டு. மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை எனக்கு இடைவெளியே இல்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூப்பிடுவது. டி.வி. ஓடும்போது அதற்கு மேலே பேசுவது. குழாய் ஓடும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்வது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து கணவரிடம் அன்றைய கதையெல்லாம் கத்திச் சொல்வது. அப்புறம் வீட்டுப்பாடம், அப்புறம் கதை. கதையில் ராட்சசனுக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல்; அந்த ராட்சசக் குரலை நான் தொண்டையை இறுக்கித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அடிபட்டு வந்த குரலை வீட்டில் மறுபடி அடித்திருக்கிறேன், அன்பாகத்தான். அதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பாட்டு.

சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் எழுதியது இது. அவர் பெயராலேயே இன்றும் சொல்லப்படுகிறது. அறியாமல் நடப்பதால், "இனி கத்த மாட்டேன்" என்று உறுதி எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லை தூரத்தைக் குறைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு சட்டம் கொண்டுவந்தோம்: முகம் தெரிந்தால்தான் பேச்சு. அடுத்த அறையில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடந்து போக வேண்டும். முதல் வாரம் கால் வலித்தது. இரண்டாவது வாரம், சொல்ல வேண்டியதில் பாதி தேவையே இல்லாதது என்று தெரிந்தது. மகன் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அவனே விளையாட்டில் கத்திக் கத்திக் கரகரத்த குரலோடு வருபவன். சிறுவர்களுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, இதே முடிச்சு நிறைய வருமாம். அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவனுக்கு வெறும் வீக்கம்தான்.

பள்ளிக்குத் திரும்பும்போது இடுப்பில் கட்டும் சின்ன ஸ்பீக்கரும் தலையில் மாட்டும் மைக்கும் வாங்கிக்கொண்டு போனேன். குரல் பாதிக்கப்பட்ட ஆசிரியர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பயிற்சியாளர் காட்டியிருந்தார். அதில் மைக் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தெளிவான முன்னேற்றம். குரலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. அதைப் படித்திருந்தும் முதல் நாள் மைக்கை மாட்டக் கை வரவில்லை. குரலை வைத்து வகுப்பை அடக்க முடியாத ஆசிரியை என்று நினைப்பார்களோ என்ற பயம். பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் சிரித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் வந்து, "இப்பத்தான் மிஸ் பின்னாடி வரைக்கும் கேக்குது" என்றான். அது எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கத்தியும் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: மைக் வாய்க்கு நேராக இல்லாமல் ஓரமாக இருக்கட்டும், ஸ்பீக்கர் பிள்ளைகளைப் பார்த்து இருக்கட்டும், சார்ஜ் ஒரு முழு நாளைக்குத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மைக் இருக்கிறது என்று மறந்து பழையபடி கத்தாதீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் விட இரண்டு வாரம் ஆனது.

வகுப்பில் வேறு சிலவும் மாற்றினேன். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவதை நிறுத்தினேன்; எழுதி முடித்து, திரும்பி, அப்புறம்தான் பேச்சு. வகுப்பை அமைதியாக்கக் கத்துவதற்குப் பதில் கையைத் தூக்குகிறேன். பார்த்தவர்கள் தூக்க வேண்டும், பதினைந்து விநாடியில் எல்லாக் கையும் மேலே வந்துவிடும். ஒரு பீரியடில் பத்து நிமிடமாவது பிள்ளைகள் பேசும்படி பாடத்தைத் திட்டமிடுகிறேன். தொடர்ந்து மூன்று பீரியட் இருக்கிற நாளில் நடுப் பீரியடுக்குச் செய்முறையோ எழுத்து வேலையோ வைக்கிறேன். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளைக் கூப்பிட விசில். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்று பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வெறும் தொண்டையால் கத்தியவள் நான்.

பத்து வாரம் பயிற்சி. எட்டு மாதம் கழித்து மறுபடி கேமராவில் பார்த்தார்கள். வலது பக்கம் மேடு இல்லை. இடது பக்கம் லேசாகத் தெரிகிறது, பட்டைகள் மூடும்போது இடைவெளி விழவில்லை. அந்த முப்பது கேள்வித் தாளில் இப்போது 14. பாட்டுக் குழுவுக்கு மறுபடி போய்க்கொண்டிருக்கிறேன். இருபது நிமிடம் பாடுவேன், பத்து நிமிடம் கேட்பேன், மறுபடி இருபது நிமிடம். மேல் ஸ்தாயி வரிகளை இன்னும் வேறொருவர்தான் பாடுகிறார். எனக்கு அதில் ஏக்கம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி கதைக்கு முன்னால் மகன் என் கழுத்தில் உள்ளங்கையை வைத்து, "அம்மா, இன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்பான். சொல்வேன். அதிர்வு ஒரே சீராக இருந்தால் நான் வாசிப்பேன். இழுத்து இழுத்து வந்தால் புத்தகம் அவன் கைக்குப் போகும். ராட்சசன் எப்படியும் அவனுடையவன்தான். நேற்று இரவு தொட்டுப் பார்த்துவிட்டு, "எலி மட்டும் நீ படி" என்றான்.